நீங்கள் கேட்ட ஒரு சொல்

செம்பூர்,
9 டிசம்பர் 2024.

அன்புள்ள சுனிதா அப்பாவுக்கு லூர்து மேரி எழுதிக்கொண்டது.

நான் இங்கே நலம். அங்கே உங்கள் நலத்தைக் கேட்பது கடிதத்துக்கு உண்டான மரியாதை. இருபத்தொரு வருடமாக உங்களுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இடது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கடிதம் பதினோரு நாளில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது என்றும், இருபத்து நான்காம் தேதி இருட்டியதும் செம்பூர் வந்துவிடுவீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அழைக்காத வீட்டுக்குள் உங்களால் கால் வைக்க முடியாது. தாராவி வீட்டில் நான் அழைத்த அழைப்பு இந்தப் புது வீட்டுக்குச் செல்லாது. ஆகவே 'வாங்க' என்ற ஒரே ஒரு சொல்லை என் கையால் எழுதி அனுப்பினால் போதும். போனில் சொன்னால் கணக்கில்லை, வாட்ஸ்அப்பும் கணக்கில்லை, கையெழுத்து வேண்டும் என்று விளக்கமும் சேர்த்திருந்தீர்கள். ரத்தக் காட்டேரிகளுக்கும் அரசாங்க ஆபீசுக்கும் இந்த விஷயத்தில் ஒரே கொள்கை போலிருக்கிறது. நாலு நாளாக உங்கள் கடிதம் பைபிளுக்குள் இருக்கிறது. அந்த இடம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். ஆனால் இந்த வீட்டில் இழுப்பறை கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் பல இடத்தில் வரும். எல்லாம் மற்றவர்கள், வேறு வாசல்களில், வேறு ஆட்களிடம் சொன்னது. அதில் ஒன்றைக் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாம்.

வீட்டுச் செய்திகள். சுனிதாவுக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. டென்சில் மாப்பிள்ளை அவளைத் தரையில் நடக்க விடுவதில்லை. ஆகஸ்டில் நீங்கள் விக்ரோலிக்குப் போய் அவள் வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றதை அவள் இன்னும் சொல்லி அழுகிறாள். கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து உங்களோடு பேசினாளாம், குடிக்கத் தண்ணீர் நீட்டினாளாம், நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்ததாம். அந்த ஒரு சொல் மட்டும் நாக்குவரை வந்து நின்றுவிட்டது என்றாள். "ஜுபான் பே ஆயா மம்மி, ஆனா வெளிய வரல" என்றாள். இங்கே வீட்டுக்காரர் சுனிதா கல்யாணத்தில் நாம் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்பது உங்கள் பிள்ளையா, ஜாடை அப்படியே இருக்கிறதே என்று கேட்டார். எனக்கு ஐம்பத்து மூன்று, உங்களுக்கு முப்பத்தாறிலேயே நின்றுவிட்டது என்பதை விளக்குவதைவிட ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? லாக்கப்பில் ஒரு கைதி உங்கள் கழுத்தைக் கடித்ததிலிருந்தா? 'பணியின்போது ஏற்பட்ட காயம்' என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்ததிலிருந்தா? உங்கள் டிபார்ட்மென்ட் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் சிந்திய ரத்தத்தை மோந்து பார்த்து அது யாருடையது என்று சொல்லும் இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு வேறு கிடைக்கவில்லை. தாராவியில் போட்டார்கள். பட்டப்பகலிலும் வெயில் எட்டிப்பார்க்காத சந்துகள் பம்பாயில் வேறெங்கே இருக்கின்றன? அந்தச் சந்துகளில் வெயில் வரவேண்டும் என்று ஐம்பது வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வராததால் பலனடைந்தது எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

இனி நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

துறை விசாரணையில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை வக்கீல் எனக்குக் கொடுத்தார். மராத்தியில் எட்டு வரி. கொலை வழக்குச் சந்தேக நபரான இசக்கிதுரையைத் தேடிச் சென்றேன். அவருடைய தாயார் அழைத்ததன் பேரில் வீட்டுக்குள் நுழைந்தேன். மேற்படி நபர் ஏணியிலிருந்து என் மீது பாய்ந்தார். கையில் ஆயுதம் போன்ற பொருள் இருந்தது. தற்காப்புக்காகக் குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்தினேன். மேற்படி நபர் இறந்துவிட்டார். இருபத்தாறு வருடமாக ஏழாம் வகுப்புக் கட்டுரை திருத்துகிறவள் நான். கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடியது. 'குறைந்தபட்ச' என்பதன் கீழே ஒரு கோடு போட்டேன். நூற்றுக்கு முப்பத்தைந்து கொடுக்கலாம். அதுவும் கையெழுத்துக்காக.

அந்த எட்டு வரிக்குள் நடந்ததைப் பார்வதியம்மாள், அதாவது அந்தத் தாயார், என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீங்கள் அப்போது வேறு வேலையாக இருந்தீர்கள். சிலதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

போன வருடம் கணபதி பண்டிகை சமயம். தோல் பை பட்டறை வைத்திருந்த அஸாருதீனைக் காலை ஒன்பது மணிக்குத் தோல் வெட்டும் கத்தியால் வயிற்றில் கிழித்துப் போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த இசக்கிதுரையைக் காணவில்லை. நீங்கள் பட்டறைத் தரையில் மோந்து, மூன்று சந்து தாண்டி, பதினொரு மணிக்குப் பார்வதியம்மாள் வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே கொடியில் தொங்கிய சட்டையில் அஸாருதீனின் ரத்தம் இருந்தது. அதில் நீங்கள் தப்புச் செய்யவில்லை. இன்னொன்றும் இருந்தது. ரத்த வங்கியிலிருந்து உங்களுக்கு வரவேண்டிய பாக்கெட் நாலு நாளாக வரவில்லை. அந்த ஃபைலைப் பார்க்கும் கிளார்க் கணபதிக்கு ஊருக்குப் போயிருந்தார். நீங்கள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லீவு போடச் சொல்லியிருப்பேன்.

பார்வதியம்மாள் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சந்தில் நீங்கள் யார், என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அழைக்காவிட்டால் உங்களால் உள்ளே வர முடியாது என்பதும் தெரியும். ஆனால் வாசலில் ஒரு ஆள் நின்றால் அவர் வாய் அவரைக் கேட்பதில்லை. "வாங்க சார், உள்ள வாங்க, வெளிய நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார். "காப்பி குடிப்பியளா? பால் இருக்கு" என்றார். காப்பி குடிப்பதில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இசக்கிதுரை இருக்கிறானா என்று கேட்டீர்கள். அவர் மேலே பார்த்து, "ஏல, சார் வந்திருக்காவ, எறங்கி வா" என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

அவன் மேல்தளத்திலிருந்து ஏணியில் இறங்கினான். கையில் இருந்தது போன். "சார், நான்தான் சார் அவர ஆட்டோல ஏத்துனேன், ஆம்புலன்ஸுக்கு அடிச்சது இதுல இருக்கு பாருங்க, டைம் இருக்கு பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அடிக்கச் சொல்லிப் பார்வதியம்மாள் அவனிடம் ரெண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது அவன் கெண்டைக்காலைக் கிழித்தது. பெரிய காயம் இல்லை. ஒரு சொட்டு கணுக்காலுக்கு வந்து, நின்று, கீழே விழுந்தது.

நீங்கள் டம்ளரைக் கால் படாத ஓரமாக வைத்துவிட்டு எழுந்தீர்கள். இதைப் பார்வதியம்மாள் என்னிடம் நாலு தடவை சொன்னார். சிந்தாமல் வைத்தீர்களாம்.

அவனுடைய கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவன் தாடை இடித்து வந்தது. தரைக்கு வரும்போது வாயில் முன்பல் இல்லை. துருவின தேங்காய்மேல் விழுந்தான். நீங்கள் அவன் தோளில் முழங்காலை வைத்து அமுக்கிக் கழுத்தின் இடது பக்கம் வாயை வைத்தீர்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது என்றார். அவன் "எம்மா" என்று ரெண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை காற்று மட்டும் வந்தது. அவன் கால் உதைத்ததில் அடுப்பு சரிந்து, கொதித்த பால் பார்வதியம்மாளின் காலில் கொட்டியது. அந்தக் காலோடு அவர் அம்மிக் குழவியை எடுத்து உங்கள் முதுகில் ஓங்கி அடித்தார். மூன்று அடி. சுவரில் அடித்த மாதிரி இருந்ததாம். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இசக்கிதுரை கடைசிவரைக்கும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் முதலில் மஞ்சளாகி, பிறகு காகிதமாகி, உதடு இருக்கும் இடமே தெரியாமல் போயிற்று. குடித்து முடிந்ததும் நீங்கள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். "ஸாரிம்மா" என்றீர்கள். "ஸாரின்னு சொன்னாவ டீச்சர்" என்று அவர் என்னிடம் சொன்னபோது, நீங்கள் மரியாதை தெரியாதவர் இல்லை என்பதை எனக்கு உறுதிப்படுத்துவது போலத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். உங்களோடு வந்து சந்து முனையில் நின்ற கான்ஸ்டபிள் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். பிளாஸ்டிக் அரைக்கும் ஷெட்டுகளிலிருந்து ஆட்கள் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். வந்தவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது. உங்களை அடித்து நேரத்தை வீணாக்கவில்லை. இடது கையைப் பிடித்து, சந்துவழியாகத் தரையில் தேய்த்துக்கொண்டு, தொண்ணூறடி ரோட்டைப் பார்த்து இழுத்தார்கள். அங்கேதான் வெயில் விழும். வழியில் நீங்கள் ஒருவருடைய ரெண்டு விரலைக் கடித்துத் துப்பினீர்கள். அவர் பாக்கி விரல்களால் இழுத்தார். சந்து முடிகிற இடத்தில் முதலில் உங்கள் இடது கை வெயிலுக்குள் போனது. அது பற்றிக்கொண்ட வாசனை, மார்க்கெட்டில் கோழி வாட்டுகிற இடம்வரை வந்தது என்று விஜயராணி சொன்னாள். பார்வதியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி அவள். மிகைப்படுத்துகிற பழக்கம் இல்லாதவள். அந்த நேரம் ஒரு மேகம் வந்தது. கான்ஸ்டபிள் காய்கறிக் கடையின் நீலத் தார்ப்பாயை உருவி உங்கள்மேல் போட்டார். முழங்கை வரைக்கும் எலும்பு தெரிந்ததோடு தப்பித்தீர்கள்.

மேகம் வந்ததற்காக அன்றைக்கே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அன்று உங்களுக்கு மருந்து போட்டபோது முதுகில் மூன்று நீல வட்டம் பார்த்தேன். கூட்டம் அடித்தது என்றீர்கள். கூட்டத்தின் கையில் இருந்தது கம்பி. கம்பி வட்டமாகப் பதியாது. ஒரு இன்ஸ்பெக்டருக்கு இருபத்தெட்டு வருடம் சோறு போட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா? கடைசி ஏழு வருடம் போக மிச்சம் இருபத்தொரு வருடம் நீங்கள் சோறே சாப்பிடவில்லை என்று திருத்துவீர்கள். முதல் ஏழு வருடம் என்று நான் உங்களைத் திருத்துவேன். இப்படித்தான் நாம் எப்போதும் பேசவேண்டியதைப் பேசாமல் விட்டோம்.

ஐந்தாம் நாள் அஸாருதீனின் தொழில் கூட்டாளி நிகிலை விக்ரோலியில் பிடித்தார்கள். பட்டறைச் சண்டையில் தானே குத்தியதாக ஒப்புக்கொண்டான். இசக்கிதுரை முதலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடுவது ஒரு பான் கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. முதலாளிக்கு ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. இவன் பயந்துபோய் வீட்டில் வந்து படுத்துக்கொண்டான். ரத்தம் யாருடையது என்பது உங்கள் மூக்குக்குத் தெரியும். அது எதற்காக ஒருவன் சட்டையில் இருக்கிறது என்பதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் அவன் போனை நீட்டினான். செய்தி வந்த அன்று கோயிலுக்குப் போய், அந்த மெழுகுவர்த்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். எரிந்து முடிந்திருந்தது.

அந்த வாரம் நம் தாராவி வீட்டு ஜன்னல் வழியாக வந்த கல் என் நெற்றியில் ஆறு தையல் போட வைத்தது. மறுநாள் பையன்கள் கதவில் பூண்டு மாலை கட்டிவிட்டுப் போனார்கள். உங்களுக்குப் பூண்டு ஒன்றும் செய்யாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? ஒரு மாதத்துக்கு ரசத்துக்கு ஆயிற்று.

பதினாறாம் நாள் காரியம் என்று கேள்விப்பட்டுத் தலையில் கட்டோடு பார்வதியம்மாள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். காலில் விழலாம், அல்லது அடி வாங்கலாம், எது கிடைக்கிறதோ அது. சந்தில் இருந்த பெண்கள் காறித் துப்பினார்கள். பார்வதியம்மாள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். "வாங்க டீச்சர். உள்ள வாங்க" என்றார். உங்களைத் தடுக்கிற சட்டம் எனக்குக் கிடையாது, நான் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். ஆனால் அந்த வாசற்படியில் என் கால் ரொம்ப நேரம் எழும்பவில்லை. அதே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காப்பி கொடுத்தார். ஏணியின் கீழ்ப்படிகளை எத்தனை தேய்த்துக் கழுவியும் கறுப்பாகவே இருந்தது. நான் காப்பியைக் குடித்தேன். நான்தான் குடிக்கக்கூடியவள்.

மார்ச்சில் விசாரணை. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நான் வெளியே பெஞ்சில் விஜயராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் இடம் விட்டாள். வழக்கே ஒரு கேள்வியில் நின்றது. அந்தம்மா உங்களை அழைத்தாரா? அழைக்கவில்லை என்று அவர் சொன்னால், அத்துமீறி நுழைந்து கொன்றது ஆகும். நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள், அதுவும் மேற்கு ஜன்னல் உள்ள ஜெயிலுக்கு. மற்றபடி பார்த்தது அந்தம்மா ஒருவர்தான். ஒரு மாதமாகச் சந்தே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தது. "அக்கா, இல்லன்னு சொல்லுங்க. அந்த ஒரு சொல்லு போதும், அவன் கத முடிஞ்சிரும்" என்று விஜயராணி என் காதுபடவே மறுபடி சொல்லி அனுப்பினாள். பார்வதியம்மாள் தலையை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது. அதிகாரி கேட்டார், மொழிபெயர்க்க வந்தவர் தமிழில் கேட்டார்: வீட்டுக்கு வந்தவரை நீங்கள் வாங்க என்று சொல்லவில்லை, அப்படித்தானே? மொழிபெயர்த்தவர் அந்தம்மாவுக்கு உதவுவதாக நினைத்துத்தான் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் பார்வதியம்மாளின் குரல், நான் அதுவரை கேட்காத கோபத்தோடு: "வீடு தேடி வந்த ஆள வாங்கன்னு சொல்லாம இருப்பனா? என்னய என்னன்னு நெனச்சிய? நான் என்ன அப்படிப்பட்ட வீட்டுப் பொம்பளையா? சொன்னேன். காப்பியும் குடுத்தேன். எழுதிக்கிடுங்க." விஜயராணி பெஞ்சில் தலையை முட்டிக்கொண்டாள். மகனைக் கொன்றவனைத் தூக்கில் போட வந்த இடத்தில், வந்தவரை வாங்க என்று கேட்காத வீடு என்ற பெயர் மட்டும் தனக்கு வந்துவிடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நீங்கள் அந்தச் சொல்லில் பிழைத்தீர்கள்.

தீர்ப்பை நான் மனப்பாடமாகவே சொல்வேன். நுழைவு சட்டப்படியானது. மரணம் கடமையின்போது நேர்ந்தது. உடலில் ரத்தம் இல்லாததற்குக் காரணம் கண்டறியப்படவில்லை. சம்பவத்துக்கு முதல் காரணம், அழைப்பின் விளைவை உணராமல் தாயார் அழைத்தது. கூடவே ஒரு சிபாரிசு: தாராவியில் மூன்று மொழியில் நோட்டீஸ் ஒட்டவேண்டும். ஒட்டினார்கள். 'முன்பின் யோசியாமல் யாரையும் வாங்க என்று அழைக்காதீர்கள்.' உங்களுக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு, கட்சிரோலிக்கு மாற்றல். அங்கே காட்டில் வெயில் தரையைத் தொடாது. உங்கள் நலனில் அக்கறையாகத்தான் இடம் பார்த்திருக்கிறார்கள்.

நோட்டீஸுக்கு யாரும் கட்டுப்படாத ஊர் அது. இதற்கு மட்டும் கட்டுப்பட்டார்கள். அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இப்போது யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. கதவைத் திறந்து, பார்த்து, பேசாமல் நகர்ந்து வழி விடுகிறார்கள். விஜயராணியின் மகளைப் பெண் பார்க்க மான்குர்திலிருந்து பதினோரு பேர் வந்து வாசலில் நின்றார்கள். விஜயராணி கையைக் காட்டினாள், ஸ்டூலைக் காட்டினாள், பலகாரத் தட்டைக் காட்டினாள், வாயை மட்டும் திறக்கவில்லை. "வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாத வீட்ல பொண்ணு எடுக்கணுமா?" என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் வாசலில் நின்று, "நான் மனுஷன்தாம்மா" என்று கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டவேண்டி வந்தது. நீங்கள் கொன்றது ஒரு ஆளைத்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை நான் எட்டு மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. பார்வதியம்மாள் என்னோடுதான் இருக்கிறார். இந்தச் செம்பூர் வீட்டில்.

காட்டேரி வந்துபோன அறை என்று வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொன்னார். வள்ளியூரில் இருக்கும் தம்பி கூப்பிடவில்லை. நான் தாராவியை விட்டுக் கிளம்புகிற அன்று போய், என்னோடு வாருங்கள் என்றேன். "ஒரு நா ரெண்டு நா இருக்கேன் டீச்சர்" என்று ஒரு பையோடு வந்தார். பையில் ரெண்டு சேலை, இசக்கிதுரையின் ஆதார் அட்டை, அம்மிக் குழவி. அம்மி இல்லாமல் குழவி எதற்கு என்று கேட்டேன். "கதவு காத்துல அடிச்சா முட்டுக் குடுக்கலாம்லா" என்றார். வாசல் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்த வீட்டில் காற்றே வராது.

என்னைக் காலையில் பள்ளிக்கு அனுப்புகிறார். கிங்ஸ் சர்க்கிளில் நான் வாங்கிவரும் காப்பிப்பொடியில் சிக்கரி ஜாஸ்தி என்று குறை சொல்கிறார். யாராவது வந்தால் என்று எப்போதும் ஒரு டம்ளர் கூடுதலாகப் போடுகிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், தப்பான கதவைத் தட்டிய கூரியர்காரர், கணக்கெடுக்க வந்த பெண், எல்லோருக்கும் "வாங்க, உள்ள வாங்க". நோட்டீஸில் போட்டதும், ஊரே விட்டுவிட்டதும் அவருக்குத் தெரியும். ஒருநாள், அக்கா, ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "பாத்துத்தான் டீச்சர் சொல்லுதேன்" என்றார், எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்றே புரியாமல்.

சற்றுமுன் இதை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "யாருக்கு டீச்சர் லெட்டரு, இவ்வளவு நீளமா?" என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. சுனிதா அப்பாவுக்கு என்றேன். முந்தானையை முறுக்கினார். அப்புறம் "நான் கேட்டதா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அவர் சொன்னபடி எழுதிவிட்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் போகிறது என்றால் கேட்டதாக எழுதச் சொல்வது அவர் பழக்கம், அவ்வளவுதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்து நான்காம் தேதி நீங்கள் வந்து மணி அடித்தால் நடக்கப்போவதை இப்போதே எழுதித் தருகிறேன். நான் எழும்புவதற்குள் அவர் கதவைத் திறப்பார். உங்களைப் பார்ப்பார். "வாங்க" என்பார். ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். அந்தக் கூடுதல் டம்ளர் உங்கள் கைக்கு வரும். உபசாரம் எல்லாம் முடிந்த பிறகு கதவுக்குப் பின்னால் கையை விடுவார். அவரிடம் அந்த வரிசை மாறாது. உங்கள் முதுகில் மறுபடி மூன்று வட்டம் விழும், விடிவதற்குள் ஆறிவிடும். அதற்குள் நீங்கள் டம்ளரைச் சிந்தாமல் ஓரமாக வைத்திருப்பீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்ட சொல்லை நான் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதால் உங்களைத் தடுத்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எந்த ரத்தக் காட்டேரியும் இவ்வளவு எளிதாக நுழையக்கூடிய வீடு பம்பாயில் இன்றைக்கு இது ஒன்றுதான். உங்களைத் தடுக்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். அன்று அந்த ஸ்டூலில் உங்களால் முடியாமல் போனதை இப்போது கேட்கிறேன். மணியை அடிக்காதீர்கள். மாடி ஏறாதீர்கள். வராதீர்கள்.

கையை நனையவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் தடித்த கறுப்புத் துணி மலிவாகக் கிடைத்தது. என் அறையின் கிழக்கு ஜன்னலுக்கு இரட்டையாகத் தைத்துப் போட்டிருக்கிறேன். காலையில் கண் கூசுகிறது, வேறொன்றும் இல்லை. நீங்கள் போகிற இடத்திலெல்லாம் உங்களைக் காக்கும்படி தினமும் ஜெபமாலை சொல்லிக் கேட்கிறேன். வருகிற வழியைப் பற்றி ஆண்டவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

என்றும் உங்கள்,
லூர்து மேரி.